மணிக்கணக்குக்கு வாடகை, மைதானம் ஊருக்கே

ஒரு மணி நேரம் பந்து விளையாட ஆளுக்கு 120 ரூபாய். 2025 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தில் இருந்த கட்டணம் இது. மாநகராட்சிக்குச் சொந்தமான ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பொறுப்பில் விடுவது, விளையாட வருகிறவர்களிடம் அவர்கள் கட்டணம் வசூலிப்பது என்பதுதான் திட்டம். திடலைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்று சொன்ன காரணத்தில் தவறில்லை. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம், மாதத்தில் 25 நாள் பயிற்சி எடுக்கும் ஒரு சிறுவனுக்கு இந்தக் கணக்கில் மாதம் 6,000 ரூபாய் ஆகும். கால்பந்தே மூச்சாக இருக்கும் வடசென்னைத் தெருக்களில் அந்தப் பணத்துக்கு ஒரு வீடு எங்கே போகும்? கட்சிகள், விளையாட்டு வீரர்கள், பெற்றோர்கள் என்று நாலாபக்கமும் எதிர்ப்பு கிளம்பவே மாநகராட்சி தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. திடல்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தது.

தீர்மானம் போய்விட்டது. அது கிளப்பிய கேள்வி இன்னும் இருக்கிறது. பொது மைதானத்துக்கு வாடகை வாங்கலாமா? வாங்கினால் யாரிடம், எவ்வளவு, என்ன நிபந்தனையோடு?

சென்னையைவிட இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் தேட வேண்டிய ஊர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. ராயக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கைப்பற்றிய மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். தக்காளிக்குப் பேர் போன சந்தை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று மூன்று திசைக்கும் சாலை பிரிகிறது. தேசிய நெடுஞ்சாலை 844 இந்த வழியாகத்தான் போகிறது. ஒரு பக்கம் ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகள். இன்னொரு பக்கம் கெலமங்கலம், உத்தனப்பள்ளி வட்டாரத்தில் எழுந்துவரும் புதிய ஆலைகளும் தொழிலாளர் விடுதிகளும். நிலத்தின் விலை ஏற ஏற, முன்பு பிள்ளைகள் மட்டையும் பந்துமாகத் திரிந்த காலி இடங்கள் ஒவ்வொன்றாக மனை போட்டு விற்கப்படுகின்றன. மிச்சமிருக்கும் ஊர் மைதானத்தின் மேல் எல்லோருடைய கண்ணும் விழுகிறது.

கம்பெனி அணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டி நடத்த இடம் வேண்டும். எல்லை தாண்டி ஆனேக்கல், பெங்களூரு பக்கத்திலிருந்து வரும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் அணிகளுக்கும் வேண்டும். கபடிப் போட்டி, கட்சிக் கூட்டம், பொருட்காட்சி, திருமண வரவேற்பு என்று கேட்பவர்களின் வரிசை நீளம். பணம் தருகிறோம் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். ஊராட்சிக்கும் பணம் தேவை. முறையான நிபந்தனை இல்லாமல் வாய்ப்பேச்சில் விட்டால் வாரக் கடைசி முழுக்க வெளியார் கைக்குப் போய்விடும், உள்ளூர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

சாவி யார் கையில்?

ஊராட்சிகளுக்குக் கைவந்த வருமான முறை ஏலம். வாரச்சந்தைச் சுங்கம், ஏரி மீன், புளியமர மகசூல் என்று எல்லாமே ஏலத்தில் போகும். அதிகத் தொகை கேட்டவருக்கு ஓராண்டு உரிமை. அதே வழியில் மைதானத்தையும் ஏலம் விட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை ஓராண்டுக்குள் எடுத்தாக வேண்டும். காசு கொடுக்க முடியாதவரை உள்ளே விடுவது அவருக்கு நஷ்டம். ஏலத்தொகை ஏற ஏற, மைதானத்தின் கதவு குறுகிக்கொண்டே போகும்.

இங்கே சட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் குத்தகையைப் பற்றிப் பேசுகிறது. அதே ஆண்டில் வந்த வசதியுரிமைச் சட்டம் 'உரிமம்' என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. குத்தகை எடுத்தவருக்கு நிலத்தை அனுபவிக்கும் உரிமையே கைமாறுகிறது. உரிமம் பெற்றவருக்குக் கிடைப்பது, குறிப்பிட்ட வேலைக்காக அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும்தான். ஊர் மைதானத்துக்குப் பொருந்துவது இரண்டாவது. ஞாயிறு காலை 7 முதல் 11 வரை ஓர் அணி வாடகைக்கு எடுக்கிறது என்றால், அந்த நான்கு மணி நேரம் மட்டும் அவர்களுடையது. 11 மணிக்கு மைதானம் மறுபடி ஊருடையது.

தாளின் தலைப்பில் 'உரிமம்' என்று எழுதினால் மட்டும் போதாது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய ஒருவரின் வழக்கு 1959-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒப்பந்தத்தில் உரிமம் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த அறைகள் முழுக்க அவர் வசமே இருந்ததால் அது குத்தகைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். ஊர் மைதானத்துக்கு இதில் உள்ள பாடம் எளிது. யாருக்கு வாடகைக்கு விட்டாலும் கதவின் சாவி ஊராட்சியிடமே இருக்க வேண்டும். எடுத்தவர் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற வரியும் அவசியம். இல்லையென்றால் 300 ரூபாய்க்கு எடுத்த நேரம் இரண்டு தரகர் கை மாறி 1,000 ரூபாய்க்குப் போகும்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நிலத்தின் வகை. அது ஊராட்சிக்குரிய பொது இடமா, வருவாய்த் துறைப் புறம்போக்கா, பள்ளிக்கூடத்து நிலமா, யாரோ தானமாகக் கொடுத்ததா? கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். உரிமை இல்லாத நிலத்தை வாடகைக்கு விட்ட ஒப்பந்தம் முதல் தகராறிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

ஆண்டுக்கு 614 ரூபாய்

நீண்ட காலக் குத்தகையும் திருத்தப்படாத வாடகையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கிண்டி ரேஸ் கோர்ஸைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலத்தை 1945 முதல் 99 ஆண்டுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப் குத்தகைக்குப் பெற்றது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். 1970 முதல் வாடகையை உயர்த்திக் கேட்ட அரசுக்கும் கிளப்புக்கும் இடையே தகராறு இழுத்துக்கொண்டே போனது. 730.86 கோடி ரூபாய் நிலுவையைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைத் தன்வசம் எடுத்தது. வழக்குகள் அதன் பிறகும் தொடர்ந்தன.

கிராம மைதானத்தில் கோடிக்கணக்கு வராது. தப்பு மட்டும் அதேதான். ஒரு சங்கத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ தொடர்ந்து நேரம் கொடுப்பதானால் ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் திருத்தப்படும் என்று முதல் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

பொது இடத்தைக் கைமாற்றினால் கேட்க மக்களுக்கு உரிமை உண்டா என்ற சந்தேகத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு வழக்கு தீர்த்துவைத்தது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்காக ஒதுக்கிய இடத்தை நகர வளர்ச்சி ஆணையம் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தது. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். பி.எஸ். முத்தப்பா வழக்கு என்று அறியப்படும் அதில், ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறந்தவெளி பறிபோவதால் பாதிக்கப்படும் அந்த வட்டாரத்து மக்கள் வழக்குத் தொடரலாம் என்பதையும் உறுதிசெய்தது. தமிழ்நாட்டிலும் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

முதலில் இலவச நேரம்

நியாயமான வாடகைத் திட்டம் இலவச நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்தெந்த நேரம் காசில்லாமல் ஊருக்கு என்பதை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தைத்தான் வாடகைக்கு எடுத்துவைக்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வாரநாள் மாலை 4 முதல் 6.30 வரை. நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும், காவலர் தேர்வு, ராணுவத் தேர்வு என்று தயாராகும் இளைஞர்களுக்கும் விடிகாலை. ஞாயிற்றுக்கிழமையில் பாதி நாளாவது உள்ளூர் ஆட்டத்துக்கு. இந்த நேரங்களை எந்தத் தொகைக்கும் விற்பதில்லை என்று ஒப்பந்தப் படிவத்தின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

பெண்களுக்கு எனத் தனி நேரம் இல்லாத மைதானம், நடைமுறையில் ஆண்களின் மைதானமாகிவிடுகிறது. கால அட்டவணையில் இடம் கிடைத்தால்தான் பெண்கள் கபடி அணியோ கைப்பந்து அணியோ உருவாகும். ஓசூர் வட்டாரத்தில் இது இன்னும் முக்கியம். மின்னணு ஆலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களை 'வெளியூர்' என்று பட்டியல் போட்டு இரட்டிப்புக் கட்டணம் கேட்பது நியாயமாகாது. ஊரில் வசிப்பவர் எவரும் உள்ளூர்க்காரரே என்று நிபந்தனையில் தெளிவாக எழுதலாம். வாக்காளர் அட்டையோ பிறந்த ஊரோ அளவுகோலாக வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் பள்ளித் திடல்களைப் பள்ளி நேரம் முடிந்தபின் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் இரட்டைப் பயன்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அங்கே பொது விளையாட்டு இடங்களுக்குக் கூட்டம் மிகுந்த வேளையில் ஒரு கட்டணம், ஓய்ந்த வேளையில் குறைந்த கட்டணம். ஆலைத் தொழிலாளர் நிறைந்த ராயக்கோட்டைப் பக்கத்துக்கும் இந்தக் கட்டண ஏற்பாடு ஒத்துவரும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு வாரநாள் காலைதான் ஓய்வு. அந்த நேரத்தில் மைதானம் காலியாகத்தான் கிடக்கும்.

தொகை எங்கிருந்து வருகிறது?

'பக்கத்து டர்ஃபில் மணிக்கு எவ்வளவு வாங்குகிறான்' என்று கேட்டு வாடகை வைப்பதுதான் வழக்கம். ஊர் மைதானத்துக்கு அது பொருந்தாது. தனியார் நிலத்துக்கு விலை கொடுத்திருக்கிறார், லாபம் பார்க்கத்தான் வேண்டும். ஊர் நிலத்துக்கு விலை ஏற்கெனவே ஊரால் கொடுக்கப்பட்டுவிட்டது. வாடகை ஈடுகட்ட வேண்டியது பராமரிப்புச் செலவைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போடலாம். காவலாளிக்கு மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000 ரூபாய். விளக்குக்கு மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. தண்ணீர், கழிப்பறைச் சுத்தத்துக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. மண் கொட்டிச் சமன்படுத்த, ரோலர் உருட்ட, சுண்ணாம்புக் கோடு போட ஆண்டுக்கு 24,000. மொத்தம் 1,80,000 ரூபாய். இலவச நேரம் போக வாரத்துக்கு 15 மணி நேரம் வாடகைக்கு மிஞ்சுகிறது என்று கொள்வோம். மழை, தேர்வு, திருவிழா என்று 12 வாரத்தைக் கழித்தால் 40 வாரம், 600 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 300 ரூபாய் வருகிறது.

இந்த 300 ரூபாய் அடிப்படை. உள்ளூர் அணிக்கு இதைவிடக் குறைக்கலாம். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுப் போட்டி நடத்துபவருக்கும் கம்பெனி அணிக்கும் இரண்டு மடங்கு. மேடை போட்டு, விளம்பரத் தட்டி கட்டி வருமானம் பார்க்கும் நிகழ்ச்சிக்கு அதற்கும் மேல். பணம் உள்ளவரின் கட்டணம் இல்லாதவரின் இலவச நேரத்தைத் தாங்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மட்டும் ஒருபோதும் வாங்கக்கூடாது. அணி மொத்தத்துக்கும் சேர்த்து வாங்கினால், கையில் காசில்லாத ஒருவனையும் நண்பர்கள் சேர்த்துக்கொள்வார்கள். தலைக்கணக்கு வந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது அவன்தான்.

பந்தல் கால் குழி

மைதானத்தைக் கெடுப்பதில் விளையாட்டுக்குப் பெரிய பங்கு இல்லை. மற்ற நிகழ்ச்சிகள்தான் கெடுக்கின்றன. ஒரு வரவேற்புக்குப் பந்தல் போட்டால் ஓரடி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டிக் கால் நடுவார்கள். முடிந்ததும் கழியைப் பிடுங்கி, கிடைத்த மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். சுற்றியிருக்கும் மண் பல வருடம் மிதிபட்டு இறுகியது. குழியில் போட்ட மண் பொலபொலவென்று கிடக்கும். முதல் மழைக்கே அது அமுங்கிப் பள்ளமாகும். மேலே புல் மறைத்துவிடும். பந்தை விரட்டி ஓடும் பையனின் கணுக்கால் அங்கேதான் பிசகும். லாரி ஏறிய ஈர மண்ணில் டயர்த் தடம் காய்ந்து கட்டியாவது, கபடித் தளத்தில் ஜல்லியும் உடைந்த பாட்டில் சில்லும் சேர்வது என்று பட்டியல் நீளும்.

ஆகவே முன்பணம் என்பது வெறும் சடங்காக இருந்தால் பயனில்லை. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, செல்பேசியில் படம் எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். குழியைத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி மூடினால்தான் முன்பணம் திரும்பும். ஆடுதளத்தின் மேல் பந்தலும் வாகனமும் கூடாது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே தடை போடுகின்றன. அதையும் படிவத்தில் சேர்த்துவிட்டால் வாக்குவாதம் குறையும். மழையால் ஆட்டம் நின்றால் பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு நாள் தருவதா என்பதும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

விளையாட்டல்லாத நிகழ்ச்சிக்கு ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்று உச்சவரம்பு வைப்பதும் நடைமுறையில் உள்ளதுதான். பல தலைமுறைக் கிரிக்கெட் வீரர்களை உருவாக்கிய மும்பை சிவாஜி பூங்காவுக்கு, விளையாட்டல்லாத காரியங்களுக்கு ஆண்டில் 45 நாள் என்று 2016-இல் மகாராஷ்டிர அரசு வரையறுத்தது. குடியரசு நாள், அம்பேத்கர் நினைவு நாள் எல்லாம் அதற்குள் அடக்கம். சின்ன ஊருக்கு 15 நாளோ 20 நாளோ போதும். அதற்குள் திருவிழாவுக்கு எத்தனை, கட்சிகளுக்கு எத்தனை, தனியாருக்கு எத்தனை என்று பிரித்துவிட்டால் செல்வாக்குள்ளவரே எல்லா நாளையும் வளைத்துப் போட முடியாது.

கணக்கு எல்லோர் கண்ணிலும்

பொதுச் சொத்துகளை ஊரார் எப்படிச் சீரழியாமல் காக்கிறார்கள் என்று உலகெங்கும் ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண். பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை என்று அவர் பார்த்த இடங்களில் நீடித்து நின்றவற்றுக்குச் சில பொதுக் குணங்கள் இருந்தன. பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்தார்கள். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். முதல் தவறுக்குச் சிறு அபராதம், திரும்பச் செய்தால் பெரிது. தகராறு வந்தால் செலவில்லாமல் அருகிலேயே தீர்த்துக்கொள்ள வழி இருந்தது. மைதானத்துக்கும் இவை நான்கும் அப்படியே பொருந்தும்.

முன்பதிவுப் பதிவேடு ஒன்று, வாயிலில் கரும்பலகை ஒன்று. இந்த வாரம் எந்த நேரம் யாருக்கு, எவ்வளவு கட்டினார் என்று எல்லோருக்கும் தெரிய எழுதிப் போட்டால் சிபாரிசுக்கு இடமிருக்காது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் கட்டண விவரத்தை மூன்று மொழியிலும் எழுதுவது நல்லது. வசூல் ரசீதோடு தனிக் கணக்கில் சேர வேண்டும். மைதானப் பணம் மைதானத்துக்கே செலவாக வேண்டும்.

விதியை எங்கே முடிவு செய்வது? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத இப்படிப்பட்ட நேரத்தில் யாரோ ஒருவருக்கு வாய்மொழியாக மைதானம் கைமாறும் வாய்ப்பு கூடுகிறது. அதனாலேயே கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பும் கூடுகிறது.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அணித் தலைவர்கள், உடற்கல்வி ஆசிரியர், பெண்கள் குழுவினர், விடுதித் தொழிலாளர்களின் சார்பில் ஒருவர் என்று ஏழெட்டுப் பேர் முன்கூட்டியே உட்கார்ந்து ஒரு வாரத்துக்கான கால அட்டவணையையும், ஆண்டுச் செலவுக் கணக்கையும், ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தையும் தயாரித்துக்கொள்ளலாம். நிலத்தின் அ-பதிவேட்டு நகலை அதோடு இணைத்து, 'மைதானப் பயன்பாட்டு விதிகள்' என்ற பொருளைக் கூட்ட நிரலில் சேர்க்கக் கேட்டு ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியபின் முதல் ஆறு மாதம் அதைச் சோதனையாக நடத்தி, எத்தனை மணி நேரம் வாடகைக்குப் போனது, எத்தனை மணி நேரம் பிள்ளைகள் விளையாடினார்கள் என்ற இரண்டு எண்ணிக்கையையும் அடுத்த சபையில் வைத்தால், கட்டணத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை ஊரே முடிவு செய்துகொள்ளலாம்.